முதுகு மலிவா? மூடி மலிவா?

சோறு இல்லாத வீடு உண்டா?

காலையில் இட்டலி. மதியம் சோறு. இரவில் தோசையோ, சப்பாத்தியோ. எல்லாம் தானியம்தான். நாம் சாப்பிடும் முட்டைகூட தானியத்தில் இருந்து வருவதுதான். கோழிக்கு மக்காச்சோளம் போடாவிட்டால் முட்டை ஏது?

இந்தத் தானியம் நம் வீட்டுக்கு எப்படி வந்தது? உழவர் விளைவித்தார். கடைக்காரர் விற்றார். இது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், நடுவில் என்ன நடந்தது? அதைப் பலர் நினைத்துப் பார்ப்பது இல்லை.

நடுவில் ஒரு தொழிலாளி நிற்கிறார். அவர் முதுகில் மூட்டை இருக்கிறது. மூக்கிலும், வாயிலும் தூசி இருக்கிறது.

அவருடைய முதுகையும் நுரையீரலையும் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அது பெரிய அதிசயம் அல்ல. நீளமான ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் தானியம் ஓடும். மேலே மூடி இருக்கும். அதற்கு, "மூடிய கன்வேயர்" என்று பெயர்.

தானியத்தைக் கையாளும் ஒவ்வொரு ஆலையிலும், ஒவ்வொரு தீவனத் தொழிற்சாலையிலும் அந்த மூடி வேண்டும். ஏன் வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

சென்னீர்குப்பம் சாலை

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே சென்னீர்குப்பம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சென்னை நகரம் மேற்கே வளர்ந்து வந்து, இந்த ஊரைத் தொட்டு விட்டது.

அங்கிருந்து வடக்கே போனால் ஆவடி. அங்கே இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு இருக்கிறது. இன்னும் சற்றுத் தள்ளிப்போனால் செங்குன்றம். அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். கிழக்கே அம்பத்தூர். அங்கே 1964-ம் ஆண்டில் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது.

ஒரு பக்கம் தானியம். இன்னொரு பக்கம் எந்திரம் செய்யும் பட்டறை. இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இந்திய உணவுக் கழகமே தமிழ்நாட்டில் பிறந்ததுதான். 1965-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் நாளில், தஞ்சாவூரில் அது தொடங்கப்பட்டது. அன்று முதல் எத்தனையோ கோடி மூட்டைகள் நாடு முழுவதும் போய் வந்து விட்டன. ஒவ்வொரு மூட்டையையும் யாரோ ஒருவர் தூக்கி இருக்கிறார்.

எட்டு முறை

ஒரு மூட்டை நெல் எத்தனை முறை தூக்கப்படுகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கொள்முதல் நிலையத்தில் லாரியில் ஏற்ற வேண்டும். இது ஒன்று. கிடங்கில் இறக்க வேண்டும். இது இரண்டு. ஆலைக்கு அனுப்ப மறுபடியும் ஏற்ற வேண்டும். ஆலையில் இறக்க வேண்டும். இதோடு நான்கு. அரைத்த அரிசியை மூட்டை கட்டி ஏற்ற வேண்டும். அரிசிக் கிடங்கில் இறக்க வேண்டும். ரேஷன் கடைக்குப் போக ஏற்ற வேண்டும். கடையில் இறக்க வேண்டும். ஆக மொத்தம் எட்டு முறை!

ஒரு மூட்டை 50 கிலோ. 10 டன் ஏற்றிய லாரியில் 200 மூட்டைகள் இருக்கும். நான்கு பேர் சேர்ந்து இறக்கினால், ஆளுக்கு 50 மூட்டை. அதாவது, ஒரு லாரியில் மட்டும் ஒருவர் முதுகில் 2,500 கிலோ ஏறி இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு லாரியோடு வேலை முடிகிறதா? இல்லை.

இளம் வயதில் தெரியாது. நாற்பது வயது தாண்டும்போது தெரியும். இடுப்பு பிடிக்கும். முழங்கால் வலிக்கும். அப்போது, "இன்றைக்கு வேலைக்குப் போக முடியவில்லை" என்று அவர் படுத்துக்கொண்டால், அன்றைய கூலி இல்லை.

மூட்டை அடுக்கு சரிந்தால் என்ன ஆகும்? கர்நாடக மாநிலம் விஜயபுராவில் 2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி அது நடந்தது. ஒரு மக்காச்சோள ஆலையில், சேமிப்பு அமைப்பு சரிந்து, மூட்டைகளுக்கு அடியில் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். 7 பேர் பரிதாபமாக இறந்தார்கள். பிழைப்புக்காகப் பீகாரில் இருந்து வந்தவர்கள் அவர்கள்.

தூசி என்ன செய்யும்?

முதுகு வலி கண்ணுக்குத் தெரியும். ஆள் குனிந்து நடப்பார். தூசியால் வரும் கேடு அப்படித் தெரியாது.

நெல்லைக் கொட்டும்போது புகைபோல எழுகிறதே, அது வெறும் மண் அல்ல. உமித் துகள், தவிட்டுத் துகள், பூஞ்சணம், பூச்சியின் எச்சம், எலியின் மயிர் எல்லாம் அதில் கலந்து இருக்கும். அதைத் தினமும் எட்டு மணி நேரம் சுவாசித்தால் என்ன ஆகும்? முதலில் தும்மல். பிறகு இருமல். பிறகு மூச்சு இரைப்பு. சிலருக்கு ஆஸ்துமா.

இது இன்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. இத்தாலி நாட்டில் ரமாசினி என்று ஒரு டாக்டர் இருந்தார். 1700-ம் ஆண்டில், தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தானியம் சலிப்பவர்களுக்கும், அளப்பவர்களுக்கும் வரும் நோயைப் பற்றி அதில் தனியாகவே எழுதினார். 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகி விட்டது. இன்னும் நாம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறோம்.

துண்டு போதாது. வியர்வையில் நனைந்த துண்டு, பெரிய தூசியைத்தான் தடுக்கும். நுரையீரலுக்குள் போகும் நுண்ணிய தூசியைத் தடுக்காது. ஆகையால், தூசி மனிதனுடைய மூக்குக்கு வந்த பிறகு தடுப்பதைவிட, தூசி வெளியே வராமல் தடுப்பதே நல்லது.

மாவு வெடிக்குமா?

"மாவு வெடிக்கும்" என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். தினமும் கையால் தொடும் மாவு எப்படி வெடிக்கும்?

விறகுக் கட்டையை அடுப்பில் வையுங்கள். மெதுவாகப் பிடிக்கும். அதையே சிராயாகச் சீவி வையுங்கள். உடனே பிடிக்கும். அதையே தூளாக்கிக் காற்றில் பறக்க விட்டால்? ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கும். ஒரு பொறி பட்டால் போதும். எல்லாத் துகளும் ஒரே நொடியில் எரியும். அது மூடிய இடத்தில் நடந்தால், அதுதான் வெடிப்பு. (தயவு செய்து இதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

1785-ம் ஆண்டு டிசம்பரில், இத்தாலியில் உள்ள டுரின் நகரில், ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கு வெடித்தது. விளக்கின் சுடர்தான் காரணம்.

1878-ம் ஆண்டு மே 2-ந் தேதி, அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில், ஒரு பெரிய மாவு ஆலை வெடித்துச் சிதறியது. 18 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த ஆலைகளும் இடிந்து விழுந்தன.

1977-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, அதே அமெரிக்காவில் வெஸ்ட்வெகோ என்ற ஊரில், தானியக் குதிர்கள் வெடித்தன. 36 பேர் இறந்தார்கள். ஐந்தே நாட்களில், டெக்சாஸ் மாநிலத்தில் இன்னொரு தானிய நிலையம் வெடித்தது.

1997-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி, பிரான்சு நாட்டில் பிளே என்ற ஊரில் வெடிப்பு. 11 பேர் இறந்தார்கள்.

இவை எல்லாம் பணக்கார நாடுகள். படித்த என்ஜினீயர்கள் நிறைந்த நாடுகள். அங்கேயே தூசி ஆளைக் கொன்றது என்றால், நாம் அலட்சியமாக இருக்கலாமா?

தேர்த் திருவிழாக் கூட்டம்

மூடிய கன்வேயர் எப்படி வேலை செய்கிறது? மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வகை, திருகுக் கன்வேயர். நீளமான தொட்டிக்குள் ஒரு பெரிய திருகு சுற்றும். திருகு சுற்றச் சுற்ற, மாவும் தவிடும் முன்னால் தள்ளப்படும். தீவன ஆலைகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

இரண்டாவது, வாளி எலிவேட்டர். கிணற்றில் சால் இறங்கித் தண்ணீரை மொண்டு வருகிறது அல்லவா? அதுபோல, ஒரு பெல்ட்டில் வரிசையாக வாளிகள் கோத்து இருக்கும். கீழே தானியத்தை மொள்ளும். மேலே போய்க் கொட்டும். எல்லாம் ஒரு இரும்புக் கூண்டுக்குள் நடக்கும்.

மூன்றாவது, சங்கிலிக் கன்வேயர். தேர்த் திருவிழாவில், நெருக்கமான கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நாம் நடக்கவே வேண்டாம். முன்னே போகும் கூட்டமே நம்மை இழுத்துக்கொண்டு போகும். தானியமும் அப்படித்தான். பெட்டியின் அடியில் ஒரு சங்கிலி ஓடும். அதில் சிறு சிறு தகடுகள் இருக்கும். அடியில் உள்ள தானியத்தை அவை இழுக்கும். மேலே உள்ள தானியம், அதோடு ஒட்டிக்கொண்டு கூடவே போகும். உருளாது. உரசாது. ஆகையால் அரிசி அதிகம் உடையாது. தூசியும் அதிகம் எழும்பாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஆர்னால்டு ரெட்லர். இங்கிலாந்தில் மாவு ஆலை நடத்தியவர். 1920-களில் இதை உலகத்துக்குக் கொடுத்தார். அதனால்தான் இன்றும் ஆலைகளில் இதை, "ரெட்லர்" என்றே கூப்பிடுகிறார்கள்.

மூடி இருப்பதால் வேறு லாபமும் உண்டு. மழை பட்டால் தானியம் நனையாது. குருவியும் எலியும் வாய் வைக்காது. வழியில் சிந்தாது. லூதியானாவில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 2015-ம் ஆண்டில் ஒரு கணக்குச் சொன்னது. அறுவடைக்குப் பிறகு நம் நாட்டில் தானியங்கள் 4.65 முதல் 5.99 சதவீதம் வரை வீணாகின்றன என்பதே அந்தக் கணக்கு. 100 மூட்டை விளைந்தால் ஐந்தாறு மூட்டை யாருக்கும் உதவாமல் போகிறது! அந்த இழப்பு முழுவதையும் ஒரு மூடி தடுத்துவிடாது. ஆனால், ஆலைக்குள் நடக்கும் இழப்பைக் குறைக்கும்.

எளாவூருக்கு வரும் கோதுமை

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் ஊரில் நடக்குமா?" என்று கேட்கலாம். நடக்கிறது. சென்னீர்குப்பம் இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்தில் நடக்கிறது.

கும்மிடிப்பூண்டி பக்கத்தில் எளாவூர் இருக்கிறது. அங்கே இந்திய உணவுக் கழகத்துக்காக இரும்புக் குதிர்கள் கட்டப்பட்டன. 25 ஆயிரம் டன் கோதுமை பிடிக்கும். அதானி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் கட்டியது. 2007-ம் ஆண்டில் இந்த முறை தொடங்கியது.

பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பெரிய குதிர்கள் இருக்கின்றன. அவை 2 லட்சம் டன் பிடிக்கும். அங்கே உழவர்கள் கோதுமையை வண்டியில் கொண்டு வருகிறார்கள். சாக்கில் கட்டாமல் அப்படியே கொட்டுகிறார்கள். கோதுமை சுத்தம் செய்யப்பட்டு, எந்திரப் பாதையில் ஏறிக் குதிருக்குள் போகிறது. பிறகு தனி ரெயில் பெட்டிகளில் கொட்டப்படுகிறது. மேலே வாய் திறந்து நிரப்பி, அடியில் வாய் திறந்து கொட்டும் பெட்டிகள் அவை. 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓடி, எளாவூர் வந்து, மறுபடியும் குதிருக்குள் போகிறது. கடைசியில், வெளியே அனுப்பும்போதுதான் சாக்கு வருகிறது.

பஞ்சாபில் இருந்து திருவள்ளூர் மாவட்டம் வரை, ஒருவர் முதுகிலும் ஏறாமல் கோதுமை வந்து சேருகிறது. நம் ஊர் நெல், பக்கத்துத் தாலுகாவுக்குப் போவதற்குள் நான்கு முதுகு மாறுகிறது!

குதிர் நமக்குப் புதிதா? நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்து அல்லவா? மண்ணால் செய்து, மேலே மூடி, அடியில் துளை வைத்து, தேவையானபோது அடியில் இருந்து நெல் எடுத்தார்கள். அதே யோசனைதான். மண் போய் இரும்பு வந்து இருக்கிறது.

"முதுகுதான் மலிவு!"

இவ்வளவு நன்மை இருந்தும், ஏன் எல்லா ஆலைகளும் மூடிய பாதைக்கு மாறவில்லை? இதற்குப் பதில் ஒரு பழைய கதையில் இருக்கிறது. உண்மைக் கதை.

அமெரிக்காவில் பஃபலோ என்று ஒரு துறைமுக நகரம். கப்பலில் கோதுமை வரும். அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்த ஏழைகள், அதை முதுகில் சுமந்து இறக்குவார்கள். மழை பெய்தால் வேலை நிற்கும். கப்பல்கள் நாள் கணக்கில் காத்துக் கிடக்கும்.

1842-ம் ஆண்டில் ஜோசப் டார்ட் என்ற வியாபாரி ஒரு முடிவு எடுத்தார். வாளி எலிவேட்டரை நீராவி எந்திரத்தால் ஓட்டி, கப்பலில் இருந்து கோதுமையை எடுக்கலாம் என்றார். அப்போது இன்னொரு வியாபாரி அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "இது நடக்காது. அயர்லாந்துக்காரன் முதுகைவிட மலிவான எலிவேட்டர் உலகத்தில் இல்லை" என்ற பொருளில் அவர் சொன்னாராம். டார்ட்டே இதைப் பிற்காலத்தில் கூறினார்.

டார்ட் கேட்கவில்லை. எந்திரத்தை வைத்தார். அது ஒரு மணி நேரத்தில் ஆயிரம் புஷல் கோதுமையை இறக்கியது. நம் கணக்கில் ஏறத்தாழ 27 டன். சில ஆண்டுகளில், பஃபலோ உலகத்தின் பெரிய தானியத் துறைமுகங்களில் ஒன்றாக ஆனது.

அந்த வியாபாரி சொன்ன சொல் இன்னும் சாகவில்லை. நம் ஊரிலும் சிலர் வாயில் இருக்கிறது. "ஆள்தான் கிடைக்கிறதே, எந்திரம் எதற்கு?" என்கிறார்கள். பீகாரில் இருந்து ஆள் வருகிறது. ஒடிசாவில் இருந்து ஆள் வருகிறது. முதுகு மலிவு!

முதுகு மலிவாகத் தோன்றுவது ஏன்? ஆஸ்பத்திரிச் செலவு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் வருவது இல்லை. நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டவரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதும் அந்தப் புத்தகத்தில் வருவது இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் பதிலாக மூட்டை தூக்கப் போகும் பிள்ளையின் கணக்கும் அதில் இல்லை. அவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால், மூடிதான் மலிவு.

வேலை போய்விடாதா?

நியாயமான கேள்வி. சுமை தூக்கும் தொழிலாளியின் மனைவி முதலில் இதைத்தான் கேட்பார். "வலித்தாலும் பரவாயில்லை. வேலை இருக்கட்டும்" என்பார். அவர் சொல்வதைத் தட்டிவிட முடியாது.

ஒரே நாளில் எந்திரத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்று சொன்னால் அது அநியாயம். அதை யாரும் ஒப்புக்கொள்ளக்கூடாது.

ஆனால், எந்திரத்துக்கும் ஆள் வேண்டும். ஓட்ட ஆள் வேண்டும். எண்ணெய் போட, பெல்ட்டைப் பார்க்க, ஈரம் அளக்க, தூசியைக் கூட்டி எடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையை யாருக்குக் கொடுக்க வேண்டும்? வெளியில் இருந்து புதிதாக ஆள் எடுக்கக்கூடாது. அதே ஆலையில் பத்து ஆண்டு மூட்டை தூக்கியவருக்கே முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். தானியத்தைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொல்லக்கூடியவர் அவர். அந்த அறிவு எந்திரத்துக்கு இல்லை.

எல்லோருக்கும் அந்த வேலை கிடைக்காது. அதையும் மறைக்கக்கூடாது. மிச்சம் உள்ளவர்களுக்கு ஈட்டுத் தொகையோ, வேறு வேலையோ முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. நல வாரியமும் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் வாரியமும் சங்கமும் உட்கார வேண்டும். எந்திரம் வருவதற்கு முன்னால் உட்கார வேண்டும்.

மூடி மட்டும் போதாது

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். மூடி போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது ஆபத்து.

மூடிய இடத்தில்தான் தூசி வெடிக்கும் என்று பார்த்தோம். வாளி எலிவேட்டரும் ஒரு மூடிய இடம்தான். பெல்ட் நழுவி உரசினால் சூடு ஏறும். பேரிங் தேய்ந்தால் சூடு ஏறும். தானியத்தோடு ஒரு இரும்பு ஆணி வந்தால் பொறி பறக்கும். ஆகையால் நல்ல எலிவேட்டரில் இவை இருக்கும்: இரும்பைப் பிடிக்கும் காந்தம். பெல்ட் நழுவினால் எந்திரத்தை நிறுத்தும் கருவி. பேரிங் சூட்டை அளக்கும் கருவி. தூசியை உறிஞ்சி எடுக்கும் குழாய். அப்படியும் வெடித்துவிட்டால், நெருப்பை ஆள் இல்லாத பக்கமாக வெளியே விடும் வாய்.

பூட்டும் முக்கியம். கன்வேயரில் அடைப்பு ஏற்பட்டால், எந்திரம் ஓடும்போதே மூடியைத் திறந்து கையை விடுவது ஒரு கெட்ட பழக்கம். வேட்டி மாட்டும். துண்டு மாட்டும். புடவை முந்தானை மாட்டும். திருகு ஈவு இரக்கம் பார்க்காது. மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

குதிருக்குள் தனியாக இறங்குவதும் கூடாது. அடியில் தானியம் ஓடும்போது மேலே நிற்பவர் புதைமணலில் நிற்பதுபோல மூழ்கி விடுவார். கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

தீவன ஆலைகளில் இன்னும் ஒரு கவனம் தேவை. பெட்டியின் மூலையில் ஈரத் தீவனம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சண விஷமே காரணம். அதற்கு, "அப்ளாடாக்சின்" என்று பெயர். 1974-ம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில், பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 106 பேர் இறந்தார்கள். நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் செய்பவர்கள் இதை மறக்கக்கூடாது. மூடிய பெட்டியைத் திறந்து சுத்தம் செய்ய வசதி இருக்க வேண்டும். நாள் குறித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

குதிருக்குள் இல்லையாம்!

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று ஒரு பிள்ளை சொன்ன கதை நமக்குத் தெரியும். சில ஆலைக்காரர்கள் பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. "எங்கள் ஆலையில் தூசியே கிடையாது" என்பார்கள். உத்தரத்தைப் பார்த்தால் விரல் கனத்துக்குப் படிந்து இருக்கும். மின்விளக்கு வெள்ளையாக இருக்கும். தொழிலாளியின் புருவமும் வெள்ளையாக இருக்கும்.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 37-வது பிரிவு, தீப்பிடிக்கும் தூசியைப் பற்றியது. எந்திரத்தை மூட வேண்டும், தூசி சேராமல் அகற்ற வேண்டும், தீப்பொறிக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று அது கூறியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் ஆண்டின் புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறியது. தூசியின் குணம் மாறவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரிய ஆலைக்காரர்களுக்குப் பணம் இருக்கிறது. சிறிய அரிசி ஆலைக்கும், சிறிய தீவன ஆலைக்கும் கடன் வேண்டும். மூடிய கன்வேயரும், தூசி உறிஞ்சும் எந்திரமும் வாங்கக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கலாம். "எந்திரம் வாங்கக் கடன் வேண்டுமானால், பழைய ஆட்களுக்கு வேலை கொடு" என்று நிபந்தனை போடலாம்.

பட்டறைக்காரர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. இந்த எந்திரத்தில் வானத்து வித்தை எதுவும் இல்லை. தகட்டை வெட்டத் தெரிய வேண்டும். வளைக்கத் தெரிய வேண்டும். பற்றவைக்கத் தெரிய வேண்டும். அளவு தப்பாமல் சங்கிலி கோக்கத் தெரிய வேண்டும். அம்பத்தூரில் இருந்து பூந்தமல்லி வரை இந்தக் கைத்திறன் குவிந்து கிடக்கிறது. சென்னீர்குப்பத்தில் வளைத்த தகடு செங்குன்றத்து ஆலையில் தூசியை அடக்கலாமே! விலையைக் குறைப்பதற்காகக் காந்தத்தையும், நிறுத்தும் கருவியையும் விட்டுவிடாமல் செய்தால், அதுவே பெரிய தொண்டு.

தாய்மார்களே! உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் கணவரோ, மகனோ, மகளோ ஆலை வேலைக்குப் போகிறார்களா? மாலையில் வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

தானியம் போகும் பாதைக்கு மூடி இருக்கிறதா?

எந்திரத்தைத் திறக்கும்போது சுவிட்சுக்குப் பூட்டு உண்டா?

உத்தரத்தில் படிந்த தூசியை எப்போது கூட்டினார்கள்?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், நிம்மதியாகச் சாப்பாடு போடுங்கள். வராவிட்டால், தனியாக முதலாளியிடம் போய் நிற்க வேண்டாம். நாலு குடும்பங்கள் சேர்ந்து பேசுங்கள். சங்கத்தில் சொல்லுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார அதிகாரிகளுக்கு மனுக் கொடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வீட்டுப்பாடம் வேறு இல்லை.

இரும்பு மூடி பழுதானால், வேறு மூடி வாங்கிக்கொள்ளலாம். மனிதனின் முதுகை எந்தக் கடையில் வாங்குவது?